வைரத்தோடு வேண்டாம் என்ற சிறுமி: பௌதிகவியலாளர் அன்னா மணியின் கதை

உயிலங்குளம் என்றதும் எங்களில் ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வருவது சோதனைச்சாவடி. 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்தக் காலத்தில் மன்னாருக்கும் வன்னிக்கும் இடையில் போய் வந்தவர்கள் அங்கே இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி நின்றார்கள். உரிய துண்டு கையில் இல்லாதவர் திரும்பிப் போகவேண்டியதுதான். அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார், என்ன அவசரம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இது அந்தச் சாவடியைப் பற்றிய கட்டுரை அல்ல. ஐந்து வருடங்கள் ஆய்வுகூடத்தில் இரவு பகலாக உழைத்துவிட்டு, ஒரு சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் பெயர் அன்னா மணி. இந்தியாவின் வானிலைக் கருவிகளை உருவாக்கியவர் என்று இன்று உலகம் அவரை அறிகிறது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி, அவரது 104ஆவது பிறந்த நாளன்று, கூகுள் தேடுபொறி தன் முகப்பில் அவரது உருவத்தைப் போட்டது. அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தவர்களில் எத்தனை பேர் அது யார் என்று தேடிப் படித்தார்கள் என்பது வேறு கதை.

அவரை இப்போது நினைக்க ஒரு காரணம் உண்டு. உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் பக்கத்துப் பிள்ளைகள் சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கிறார்கள். விஞ்ஞானம் என்றால் பெண் பிள்ளைக்கு உயிரியல், ஆண் பிள்ளைக்குக் கணிதம் என்பது பல வீடுகளில் பேசாமலே முடிவாகிவிடுகிறது. உயிரியல் பிரிவிலும் பெரும்பாலான பிள்ளைகள் பௌதிகவியல் எடுக்கிறார்கள், படிக்கிறார்கள், நல்ல பெறுபேறும் பெறுகிறார்கள். ஆகவே பௌதிகவியல் பெண் பிள்ளைகளுக்குப் பிடிபடாத பாடம் என்ற கதை எங்கள் வகுப்பறைகளிலேயே பொய்த்துப் போகிறது. பிரிவு ஏற்படுவது அடுத்த படியில். மருத்துவ பீடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பரீட்சை முடிந்த அன்றோடு பௌதிகவியல் கொப்பி மூடப்படுகிறது. இணைந்த கணிதத்தோடு பொறியியல், பௌதிக விஞ்ஞானம் என்று போகும் வரிசையில் ஆண்களே அதிகம். இத்தனைக்கும் நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

உலகமும் பெரிதாக வேறுபட்டதல்ல. 1901 முதல் 2025 வரை பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற பெண்கள் ஐந்தே ஐந்து பேர். 1903இல் மேரி கியூரி பெற்ற பின், அடுத்த பெண்ணுக்காக 60 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்தவர் வந்தது 2018இல்.

பெண்கள் ஏன் அங்கே இல்லை என்று கேட்கும்போது, அவர்களுக்கு விருப்பமில்லை என்பது சுலபமான பதில். அன்னா மணியின் வாழ்க்கையைப் படித்தால் அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

1918ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி, அப்போதைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை சிவில் பொறியியலாளர். மலையில் ஏலத் தோட்டங்களும் இருந்தன. எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது. அந்த வீட்டில் ஆண் பிள்ளைகள் பெரிய உத்தியோகங்களுக்காக வளர்க்கப்பட்டார்கள், பெண் பிள்ளைகள் கலியாணத்துக்காக. மகள்மாரைப் படிக்கவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் படித்து எதுவாக வரவேண்டும் என்று யாரும் யோசிக்கவும் இல்லை. எங்கள் ஊர்களில் இன்றும் பல வீடுகளில் உள்ள நிலைமை ஏறக்குறைய இதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பிள்ளை வாசிப்பில் விழுந்தது. எட்டு வயதுக்குள் ஊர் நூலகத்திலிருந்த மலையாளப் புத்தகங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாசித்துவிட்டதாகவும், பன்னிரண்டு வயதுக்குள் ஆங்கிலப் புத்தகங்களையும் முடித்துவிட்டதாகவும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எட்டாவது பிறந்த நாளுக்கு, குடும்ப வழக்கப்படி, வைரத்தோடு ஒரு சோடி வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வைக்கம் கோயில் வீதியில் தாழ்த்தப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது, 1925இல் காந்தி அங்கே வந்தார். அன்னாவுக்கு அப்போது ஏழு வயதும் நிரம்பவில்லை. அந்தக் காலத்துத் தேசிய உணர்வு அவரையும் பிடித்துக்கொண்டது. பின்னாளில் கதர் உடுத்தினார்.

மருத்துவம் படிக்கவே அவருக்கு முதலில் ஆசை. அது சரிவரவில்லை. பௌதிகவியலில் கெட்டிக்காரியாக இருந்ததால் அதை எடுத்தார். பெரிய இலட்சியக் கதை எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்து 1939இல் சிறப்புப் பட்டம் பெற்றார். சி.வி. ராமனும், பின்னர் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரும் படித்த அதே கல்லூரி. சந்திரசேகரைப் பின்னாளில் மணந்த லலிதாவும் அங்கே பௌதிகவியல் படித்தவர்தான். சந்திரசேகரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. லலிதா, அவரது மனைவி என்றே அறியப்படுகிறார்.

1940இல் புலமைப்பரிசில் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராமனின் ஆய்வுகூடத்துக்கு அன்னா வந்து சேர்ந்தார். ராமன் அப்போது நோபல் பரிசு பெற்று பத்து வருடங்களான பெரிய மனிதர். அவரது ஆய்வுகூடத்தில் இடம் கிடைப்பது ஆண்களுக்கே கடினம். பெண்களை அவர் விரும்பிச் சேர்த்தவரும் அல்ல. 1933இல் கமலா என்ற மாணவி (பின்னாளில் கமலா சொஹோனி) உயிர் இரசாயனவியல் படிக்க அதே கழகத்துக்கு வந்தபோது, அதன் பணிப்பாளராக இருந்த ராமன் பெண் என்பதற்காக மறுத்தார். கமலா விடவில்லை. கடைசியில், ஒரு வருடம் பரீட்சார்த்தமாக இருக்கலாம், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ராமனின் சொந்த ஆய்வுகூடத்தில், அவரது நீண்ட காலம் முழுவதும், பெண்கள் மூன்று பேர்தான் என்று அறிய முடிகிறது: சிறிது காலம் இருந்த லலிதா, சுனந்தா பாய், அன்னா மணி.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களோடு. தோடு வேண்டாம் என்ற பிள்ளைக்கு இப்படியும் ஒரு விதி. ராமன் அப்போது வைரத்தின் பௌதிகவியலில் மூழ்கியிருந்தார். நூற்றுக்கணக்கான வைரக் கற்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒளி பட்டவுடன் சில வைரங்கள் நீலமாகவோ பச்சையாகவோ மங்கலாக ஒளிரும், சில ஒளிரவே மாட்டா. அந்த ஒளிர்வை நிறங்களாகப் பிரித்துப் படமெடுத்தால், கல்லுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எங்கே குறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கேட்கச் சுலபம். ஆனால் அந்த ஒளி மிக மங்கலானது. ஒரு படத் தகட்டில் அது பதிய 15 முதல் 20 மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும். கற்களை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்திருக்கவும் வேண்டும். அன்னா பல இரவுகள் ஆய்வுகூடத்திலேயே படுத்தெழும்பினார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை இவ்வாறு ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். மாணிக்கக் கற்களையும் ஆராய்ந்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகின. ஐந்திலும் எழுதியவர் பெயராக இருந்தது அவர் பெயர் ஒன்றுதான்.

அந்த ஆய்வுகூடத்தில் ஆண்களும் பெண்களும் பேசிப் பழகுவதை ராமன் விரும்பவில்லை. பெண்கள் பெரும்பாலும் தனித்தே வேலை செய்தார்கள். இதைச் சிறிய விடயமாக எடுக்கக்கூடாது. ஆய்வு என்பது கருவியோடு மட்டும் நடப்பதில்லை. பக்கத்து மேசைக்காரனிடம் கேட்பது, தேநீர் குடிக்கும்போது தர்க்கப்படுவது, தான் விட்ட பிழையை இன்னொருவன் கண்டுபிடித்துச் சொல்வது எல்லாம் சேர்ந்துதான் ஒரு விஞ்ஞானி உருவாகிறார். அந்தப் பாதியை அவர்களுக்கு மூடி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. மாலை ரியூசன் முடிந்தபின் ஆண் பிள்ளைகள் சந்தியில் நின்று கணக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பெண் பிள்ளை கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லாத மாவட்டத்தில், வீட்டிலிருந்து வகுப்புக்கு உள்ள தூரம்கூடப் பாடத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அன்னா தன் ஆய்வேட்டைக் கையளித்தார். இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அப்போது பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. ஆய்வேடுகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். அங்கே அவரிடம் முதுமாணிப் பட்டம் இல்லை என்று சொல்லி, கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவரிடம் சிறப்புப் பட்டம் இருந்தது, ஆய்வுக்கென்றே வழங்கப்பட்ட புலமைப்பரிசில் இருந்தது, அச்சான ஐந்து கட்டுரைகள் இருந்தன. ஒரு துண்டு இல்லை. சுனந்தா பாயும் பல ஆய்வுக் கட்டுரைகளை எழுதியிருந்தார். அவருக்கும் கலாநிதிப் பட்டம் கிடைக்கவில்லை. மேற்கொண்டு ஆய்வுக்காகச் சுவீடன் போகவிருந்த நேரத்தில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இடம்பெயர்ந்து, பிறப்பத்தாட்சிப் பத்திரமும் பெறுபேற்றுச் சான்றிதழும் பதுங்குகுழியோடு போய், பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கியவர்களுக்கு இந்த இடத்தை விளக்கவேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த கையோடு இந்திய அரசாங்கம் இங்கிலாந்தில் பயிற்சி பெறப் புலமைப்பரிசில்கள் அறிவித்தது. அன்னா பௌதிகவியலில் தொடர விரும்பினார். மிஞ்சியிருந்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு, 1945இல் படையினரை ஏற்றும் கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்து போனார். வெப்பமானி, காற்றுமானி, மழைமானி என்று ஒவ்வொரு கருவியும் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று கற்றார். மூன்று வருடங்களில், 1948இல், சுதந்திரமடைந்த இந்தியாவுக்குத் திரும்பி, பூனாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கருவிப் பிரிவில் சேர்ந்தார்.

அப்போது இந்தியாவுக்குத் தேவையான வானிலைக் கருவிகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து வந்தன. எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் என்பவரின் பொறுப்பில் இருந்த அந்தத் தொழிற்கூடத்தில் அவற்றை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 100 வகைக் கருவிகளின் வரைபடங்களை அன்னா ஒழுங்குபடுத்தி, உற்பத்திக்குக் கொண்டுவந்தார். 1953இல் அவர் அந்தப் பிரிவுக்குத் தலைவரானபோது அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள். எட்டு வருடங்களுக்கு முன் ஆண்களோடு சேர்ந்து பேச இடம் கிடைக்காத ஆய்வுகூடத்திலிருந்து வந்தவர் என்பதை இங்கே மறக்கக்கூடாது.

கருவி விடயத்தில் அவர் கடும் கண்டிப்பு. பிழையான அளவீட்டை விட அளக்காமல் விடுவது மேல் என்பது அவர் நிலைப்பாடு. 1957-58இல் சர்வதேச பூகோள பௌதிகவியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, இந்தியா முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். இன்று ஒரு வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பூட்டினால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணக்குப் பார்க்கிறோமே, அதற்கு முதலில் அந்த ஊர் நிலத்தில் நாளுக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்று யாரோ வருடக்கணக்கில் அளந்து வைத்திருக்க வேண்டும். 1960இல் ஓசோனைப் பற்றிய வேலையைத் தொடங்கினார். பலூனில் கட்டி மேலே அனுப்பினால், ஏறும் வழியெல்லாம் ஓசோனின் அளவை வானொலி மூலம் கீழே அறிவிக்கும் கருவி ஒன்றை அவரது குழு இந்தியாவிலேயே செய்தது. ஓசோன் ஓட்டை என்ற பேச்சை உலகம் கேட்டது 1985இல்தான். இவர்கள் அதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு முன்பே அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1963இல் விக்ரம் சாராபாய் அவரைத் தும்பாவுக்கு அழைத்தார். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மீனவக் கிராமம் அது. பூமியின் காந்த மத்திய கோடு அதன் அருகால் போவதால் ரொக்கட் ஏவுவதற்கு அந்தக் கடற்கரையைத் தெரிவு செய்திருந்தார்கள். கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வேறிடம் போயின. ஆயரின் சம்மதத்தோடு புனித மரிய மதலேனாள் தேவாலயமே அலுவலகமாகியது. விண்வெளி வரலாற்றை எழுதுபவர்கள் இதை அழகான சம்பவமாகச் சொல்வார்கள். கடற்கரையும் கோயிலும் கைமாறுவது என்னவென்று தெரிந்த மன்னார்க்காரருக்கு அந்த மீனவர்களின் பக்கமும் நினைவுக்கு வரும். அங்கே வளிமண்டல அவதான நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தவர் அன்னா மணி. ரொக்கட்டை ஏவுமுன் காற்று எந்த உயரத்தில் எப்படி வீசுகிறது என்று தெரியவேண்டும். முதல் ரொக்கட் அந்த வருடம் நவம்பர் 21ஆம் திகதி போனது.

1969இல் டெல்லிக்கு மாற்றம், பிரதிப் பணிப்பாளர் நாயகம் பதவி, 1976இல் ஓய்வு. அதன் பின் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் மூன்று வருடங்கள் வருகைதரு பேராசிரியர். கலாநிதிப் பட்டம் இல்லாத பேராசிரியர். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980இலும் 1981இலும் இரண்டு நூல்களாக வெளியிட்டார். காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றை அளந்து, எங்கே காற்றாலை போடலாம் என்று சொல்லும் தரவுகளைத் தொகுத்தார். தமிழ்நாட்டின் முப்பந்தல் பக்கம் நிரை நிரையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். இந்தியக் காற்று மின்சாரத்தின் ஆரம்ப வேலைகளில் அவரது அளவீடுகளுக்கும் பங்குண்டு.

காற்று எங்களுக்குப் புதிதல்ல. வாடை எப்போது, சோளகம் எப்போது, கச்சான் எப்படி அடிக்கும் என்று எங்கள் கடற்றொழிலாளர் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்வார்கள். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. 100 மெகாவாட் மின்சாரம். அதற்குப் பிறகு வந்த திட்டங்களுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியதும், மழை வெள்ளம், பறவைகள், மீன்பிடி என்று அவர்கள் எழுப்பிய கேள்விகளும் வாசகர் அறிந்தவை. அந்த விவாதத்தில் ஒரு சிறிய பௌதிகவியல் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். வேகத்தை அளப்பதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட்டிச் சொன்னால், சக்தியில் முப்பதுக்கும் மேல் பிழைத்துவிடும். எந்தக் கரையில் எத்தனை கோபுரம் தேவை என்ற கணக்கு முழுவதும் இந்த அளவீட்டின் மேல்தான் நிற்கிறது. அளந்த அறிக்கையை வாசித்து, இது சரி, இது பிழை என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? அதில் பெண்கள் எத்தனை பேர்?

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பின்னாளில் தன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டவர்களிடம், பெண் என்பதால் தனக்குப் பெரிய இடைஞ்சல் இருந்ததாக அன்னா மணி ஒத்துக்கொள்ளவில்லை. கலாநிதிப் பட்டம் கிடைக்காததையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. தன்னைப் பாவம் பார்ப்பதை அவர் வெறுத்தார் என்று நினைக்கிறேன். அது அவர் சுபாவம், மதிக்கவேண்டியது. ஆனால் அவருக்கு வசதியான குடும்பம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, அசாத்திய மனவுறுதி இருந்தது. இவ்வளவும் இருந்த மூன்று பேரில் ஒருவர்தான் கடைசிவரை அந்தத் துறையில் நின்றார் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. இயற்கையில் நடப்பதும், பறவை பார்ப்பதும், வாசிப்பதுமாக இருந்தார். 1987இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் கே.ஆர். ராமநாதன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1994இல் பாரிசவாதம் வந்து நடமாட முடியாமல் போனது. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, 83ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்காத அந்த ஆய்வேடு, பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற மாணவர்களின் ஆய்வேடுகளோடு ஒன்றாக, கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.